குகைக்குள் இறங்கிய பாதிரியார்

எர்லாங்கனில் வளரும் எம் பிள்ளைகளுள் சிலர், அண்மையிலுள்ள பிராங்கிஷே ஸ்வைஸ் மலைப்பகுதிக்குச் சென்று சுருள்வடிவக் கல்லொன்றைப் பொறுக்கி வந்திருக்கக்கூடும். அஃது அம்மொனைட் என்னும் கடலுயிரின் புதைபடிவம். அம்மலைகள் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைகள். தமிழ்நாட்டின் அரியலூரிலும் அம்மொனைட்டுகள் கிடைப்பதைப் பெற்றோர் சிலர் அறிந்திருப்பர்.

காலப்போக்கில் மழைநீர் அப்பாறைகளை அரித்துக் குகைகளாக்கியது. அவற்றுள் ஒன்றை உலகறியச் செய்தவர் யோகான் பிறீட்றிக் எஸ்பர். 1732இல் பிறந்த இவர், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்று, நகருக்குக் கிழக்கேயுள்ள உட்டன்றொய்த் ஊரில் பாதிரியாராகப் பணியாற்றினார்.

குகைகளில் கிடைத்த எலும்புகளை ஒற்றைக்கொம்புக் குதிரையின் எலும்புகள் என்று நம்பி, மக்கள் மருந்தாக உண்டுவந்த காலம் அது. எஸ்பரோ விளக்குடன் கைலன்றொய்த் குகைக்குள் இறங்கி, அவை எவ்விலங்கினுடையவை என ஆராய்ந்தார். வண்ணப் படங்களுடன் 1774இல் நூலும் வெளியிட்டார். பெருவெள்ளமே எலும்புகளை அங்கு சேர்த்ததென அவர் எண்ணினார், அது பிழை. குளிர்கால உறக்கத்துக்கெனத் தலைமுறை தலைமுறையாக வந்த கரடிகள் அங்கேயே மடிந்தன என்பதை இன்று அறிவோம். அக்கரடியினம் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று.

1771இல் அவரைத் திகைக்கவைத்த ஒன்று நிகழ்ந்தது. கரடி எலும்புகளின் நடுவே மனிதனின் தாடையெலும்பும் தோளெலும்பும் கிடைத்தன. அம்மனிதன் அவ்விலங்குகளின் காலத்தவனா? ஆம் என்றிருந்தால், மனிதகுலத்தின் வயது பற்றிய அக்கால நம்பிக்கையே ஆட்டங்கண்டிருக்கும். போதிய சான்றின்றி அவ்வாறு கூற எஸ்பர் துணியவில்லை. அவ்வெலும்புகள் தற்செயலாக அங்கு வந்திருக்கலாம் என்று எழுதினார்.

இதனைக் கோழைத்தனம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குகை மண் நீரால் புரள்வது. அருகருகே கிடப்பதனாலேயே இரு எலும்புகள் ஒரே காலத்தவை ஆகிவிடா. ஆயினும் கண்டதை அவர் மறைத்தாரில்லை. அழிந்துபோன விலங்குகளோடு மனிதன் வாழ்ந்தான் என்பதை அறிஞருலகம் ஏற்க, 1859ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எஸ்பர் 1781இல் மறைந்தார். அவர் ஆராய்ந்த குகையின் எலும்புகளைக் கொண்டே 1794இல் றோசன்முல்லர் குகைக்கரடிக்கும், 1810இல் எர்லாங்கனில் பயின்ற கோல்ட்பூஸ் குகைச்சிங்கத்துக்கும் அறிவியற் பெயர் சூட்டினர். குகைக்கரடியின் முழு எலும்புக்கூட்டைக் காண விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் பொட்டன்ஸ்டைன் ஊரிலுள்ள தொய்பெல்ஸ்ஹோலே குகைக்கு அழைத்துச் செல்லலாம். கோடையிலும் உள்ளே குளிரும், மேலங்கி அவசியம்.