நாமக்கல் தாயாரும் ராமானுஜனின் டேன் கணக்கும்

கொல்லிமலை போகிறவர்கள் வழியில் நாமக்கல் நாமகிரித் தாயாரையும் பார்த்துட்டுப் போறதுண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் குடும்பத்தின் தெய்வம் அவர். 1887-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில்.

பள்ளி வயதிலேயே ஒரு கல்லூரி மாணவரிடம் லோனியின் முக்கோணவியல் புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்தார். சைன், கோசைன் பற்றித் தானே கண்டுபிடித்ததை ஆய்லர் எப்பவோ சொல்லிட்டார்னு தெரிந்ததும், எழுதிய தாள்களைக் கூரையில் ஒளித்துவைத்தாராம். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் கல்லூரி உதவித்தொகை போனது. எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி.

1915-ல் இந்தியக் கணிதச் சங்க இதழில் வந்த அவரது கட்டுரை ஒன்று, டேன் இன்வர்ஸ் டி-யை டி-யால் வகுத்துத் தொகையிடுவது பற்றியது. பிளஸ் டூ மாணவர் இதை எப்படித் தொடங்கலாம்? டி-க்குப் பதிலா டேன் தீட்டா போடுங்க. டேன் இன்வர்ஸ் டி வெறும் தீட்டா ஆயிடும். டிடி இருந்த இடத்தில் செக் ஸ்கொயர் தீட்டா டிதீட்டா வரும் (இதை மறந்துதான் பலர் மார்க்கை விடுறாங்க). சுருக்கினால், 2 தீட்டாவை சைன் 2 தீட்டாவால் வகுத்தது மிஞ்சும்.

பார்க்க எளிது. ஆனா பாடப்புத்தகச் சூத்திரம் எதுவும் இதுக்கு மேல கைகொடுக்காது. ராமானுஜன் முடிவிலாத் தொடர்களின் பக்கம் போனார். டி-யை 0 முதல் 1 வரை எடுத்தால் கிடைப்பது கேட்டலன் மாறிலி, சுமார் 0.916.

அவர் 1920-ல், 32 வயதில் இறந்தார். அந்த எண் விகிதமுறா எண்தானா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.