மலையேறிய கணக்கு வாத்தியார்

இயக்கவியல் என்றதும் நம் செட் நண்பர்கள் பலருக்கு அரியர் பேப்பர்தான் ஞாபகம் வரும்! நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு பொருளுக்குள் இருக்கும் எதிரெதிர்ச் சக்திகளின் மோதலால்தான் அது மாறுகிறது என்று பார்க்கும் தத்துவத்துக்கும் தமிழில் அதே பெயர். ஹெகலும் மார்க்ஸும் வளர்த்த அந்தச் சிந்தனையோடு நம் நாட்டு மலைகளையும் பாதைகளையும் நடந்தே ஆராய்ந்தவர் டி. டி. கோசாம்பி.

1907-ல் கோவாவில் பிறந்தார். தந்தை தர்மானந்தர் பெரிய பௌத்த அறிஞர். மகன் 1929-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றுத் திரும்பி, காசி, அலிகார், புனே என்று கணக்கு வாத்தியாராக இருந்தார். 1946 முதல் 1962 வரை பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, வீடோ புனேயில். டெக்கான் குயின் ரயிலில் போய்வருவார். மரபணு வரைபடத்துக்கு 1944-ல் அவர் தந்த சூத்திரம் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது.

பழைய நாணயங்களை எடைபோட்டுக் கணக்குப் பார்த்தவர், அப்படியே சரித்திரத்துக்குள் வந்துவிட்டார். கார்லே குகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துறவிகளுக்குக் காசு ஆகாது. வணிகருக்குக் காசே குறி. அப்படியிருக்க, மடங்கள் ஏன் வணிகப் பாதைக் கணவாய் ஓரத்தில் இருக்கின்றன? ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள் என்று பாதையையும் கல்வெட்டையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். மார்க்ஸ் சொன்ன கட்டங்களை இந்தியாவின் மேல் அப்படியே ஒட்டவும் மறுத்தார். 1956-ல் வந்த அவர் நூலைத் தோழர்களே எதிர்த்தார்கள். அணுமின்சாரத்தைவிடச் சூரிய சக்தியே நமக்கு ஏற்றது என்றும் வாதாடினார். 1962-ல் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1966-ல் காலமானார்.

நான் குடியிருக்கும் பம்மலையும் இந்தக் கண்ணால் பார்க்கலாமே? பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே மண்ணில் பிற்பாடு தோல் பதனிடும் தொழில் வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோலால் வந்ததுதான். பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் தோல்; கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்ததும் தோல். ஒன்றை மட்டும் சொன்னால் பாதி உண்மை. இரண்டும் மோதியதில் பிறந்ததே பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. குரோமியத்தை வண்டலாகப் பிரித்துவிடலாம். தோலோடு வரும் உப்பு தண்ணீரில் கரைந்தே நிற்கும். அடுத்த முரண்பாடு அங்கே ஆரம்பம்.

கோசாம்பிக்கு ஆராய்ச்சிச் சாலை என்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைத்தடியும் நல்ல செருப்பும் போதும். நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். இந்த ஏரியால் யார் பிழைத்தார்கள், யார் இழந்தார்கள் என்று அங்குள்ள பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். அடுத்த சந்திப்பில் உட்கார்ந்து பேசுவோம்.