மேரி இரத்தினம் அம்மையார்

மாங்கேணியில் எங்கள் மாதர் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்தது. சென்ற ஆண்டின் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது, கணக்கறிக்கையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிய தலைவியைத் தெரிவு செய்ய வேண்டிய கட்டம் வந்ததும் சபையில் மௌனம் குடிகொண்டது. ஒருவர் பெயர் பிரேரிக்கப்பட்டது, அவர் மறுத்தார். இன்னொருவர் பெயர் சொல்லப்பட்டது. அவரும் எழுந்து, தம்மை விட்டுவிடுமாறு கைகூப்பினார்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எங்கள் கரையோரத்தை வாரிச் சென்றது. 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் யுத்தம் வாகரைப் பகுதி மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தியது. அதன்பின் உதவி செய்ய வந்த அமைப்புகள் பல. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெண்கள் குழுவை அமைத்தது; கூட்டத்துக்கு வருவோர்க்குப் படியும் கொடுத்தது. திட்டம் முடிந்ததும் குழுவும் முடிந்தது. படி வாங்கிய பழக்கம் மட்டும் முடியவில்லை. மீன் கருவாடு போட்டுப் பிழைக்கும் ஒரு மூதாட்டி அன்று எழுந்து, சம்பளமும் இல்லை, படியும் இல்லை, பழிச்சொல் மட்டும் உண்டு, இப்படிப்பட்ட பாரத்தை ஒருத்தி எதற்காகச் சுமக்க வேண்டும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். கூட்டறிக்கை எழுத அமர்ந்திருந்த பள்ளி ஆசிரியையாகிய என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். எனக்கு வேறு விடை தெரியவில்லை. மேரி இரத்தினம் அம்மையாரின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அன்று நேரம் போதாமையால் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

அம்மையார் பிறப்பால் தமிழரல்லர், இலங்கையருமல்லர். 1873ஆம் ஆண்டிலே கனடா தேசத்தின் ஒன்ராறியோ மாகாணத்தில் மேரி ஏர்வின் என்னும் பெயரோடு பிறந்தவர். பெண்கள் மருத்துவம் கற்பது புதுமையாகக் கருதப்பட்ட அக்காலத்தில் ரொறன்ரோ நகரில் பயின்று வைத்தியரானார். யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிவந்த அமெரிக்க மிஷன் அவரை வைத்தியராகத் தெரிந்தெடுத்தது. புறப்படும் வழியில் நியூயோர்க் நகரிலே இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்பாரைச் சந்தித்தார். 1896ஆம் ஆண்டில் இருவரும் மணம் செய்துகொண்டனர். மணமகனும் கிறிஸ்தவரே, கற்றவரே. ஆயினும் மிஷன் சபையாருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி சுதேசி ஒருவரை மணந்தாள் என்பதே குற்றமாயிற்று. எந்த ஊருக்கென்று ஊழியம் செய்ய வந்தாரோ, அந்த ஊரின் மகனை மணந்ததற்காகவே அவருக்கு ஊழியம் மறுக்கப்பட்டது. இதனை வாசிக்குந்தோறும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இருபத்து மூன்று வயதுப் பெண், பிறந்த நாட்டைவிட்டு நெடுந்தூரம் கடந்துவந்தவள், வந்திறங்கியவுடன் பதவியை இழந்து நின்றாள். வேறொருவராயின் கப்பலேறித் திரும்பியிருப்பர். அம்மையார் திரும்பவில்லை. கொழும்பிலே பெண்களுக்கான அரசாங்க வைத்தியசாலையில் சில காலம் கடமையாற்றினார்; பின்னர் தாமாகவே வைத்தியம் பார்க்கலானார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, நோயை மூடிமறைத்தே மாண்டுபோகும் பெண்கள் மலிந்திருந்த காலம் அது. மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, நோய் வராமற் காக்கும் அறிவு வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் அவருள்ளத்தில் வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பது என் ஊகம். பாடசாலைகளுக்காகச் சுகாதார நூலும் மனையியல் கைந்நூலும் பிற்காலத்தில் அவர் எழுதியமை இவ்வூகத்துக்குத் துணை நிற்கின்றது.

கொழும்பில் அவர் தொட்ட பொதுப்பணிகள் பல. 1904ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார். 1909ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் மகளிர் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். பெண்களின் வாக்குரிமைக்காக 1927ஆம் ஆண்டில் எழுந்த சங்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் யாவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1937ஆம் ஆண்டில் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண்ணும் அவரே. சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அப்பதவியையும் பறித்தனர். அதற்கும் அவர் சோர்ந்ததாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சங்கக் கூட்டத்தில் நான் விரைந்தே சொன்னேன். மூதாட்டியின் கேள்விக்கு விடை இருக்குமிடம் வேறு. 1930ஆம் ஆண்டளவிலே அம்மையார் தோற்றுவித்த லங்கா மகிளா சமிதியே அது. மகிளா என்பது பெண். சமிதி என்பது சங்கம். பெயர் வந்த வழி வங்காளம். அங்கே சரோஜ் நளினி தத்தர் என்னும் பெண்மணி 1913ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் மகளிர் சமிதிகளைக் கட்டியெழுப்பி, 1925ஆம் ஆண்டில் இளம் வயதிலேயே மறைந்தார். அமைப்பு வந்த வழி கனடா. அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய் 1889ஆம் ஆண்டில் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே காரணமென்று நம்பினார். அந்த அறியாமை மற்றத் தாய்மாரைச் சுடக்கூடாதென்று ஊரூராகப் பேசித் திரிந்தார். அவருடைய முயற்சியால் 1897ஆம் ஆண்டிலே ஸ்டோனி கிறீக் என்னும் சிற்றூரில் கமக்காரப் பெண்களின் சங்கம் உதயமாயிற்று. 101 பெண்கள் சேர்ந்தனர். மேரி அம்மையார் ஒன்ராறியோவைவிட்டுப் புறப்பட்டது அதற்கு முந்திய ஆண்டு. தம் சொந்த மாகாணத்தில் முளைத்த விதையைப் பிற்காலத்திலேயே கண்டறிந்து, இலங்கை மண்ணுக்கு ஏற்ப நட்டார்.

சமிதியின் வேலை வெளிப்பார்வைக்கு மிக எளியது. குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத் தோட்டம், தையல், நெசவு. இவற்றைப் பார்த்து, பெண்ணை அடுப்படியிலேயே இருத்தும் உபாயம் இது என்று குறைகூறுவோர் உளர். மேலிடத்தில் இருந்தவர்கள் ஆங்கிலம் படித்த நகரத்துச் சீமாட்டிகளே என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் சங்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கே தெரியும்: தையலைவிடப் பெரிய பாடம் ஒன்று அங்கே நடக்கின்றது. ஒருத்தி தலைமை வகிக்கிறாள். இன்னொருத்தி கூட்டறிக்கை எழுதுகிறாள். மூன்றாமவள் அடுத்த வீட்டுக்காரி தந்த காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கணக்குக் காட்டுகிறாள். பிடிக்காத தீர்மானத்தை எதிர்த்துக் கை உயர்த்துகிறாள். மறுநாள் அதே பெண்ணோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள். வாக்குரிமையைச் சட்டம் 1931இல் கொடுத்தது. அதைக் கையாளும் பயிற்சியைக் கொடுக்க யாரேனும் வேண்டுமல்லவா?

எங்கள் சங்கம் மகிளா சமிதியின் கிளையன்று. ஆயினும் வட்டமாக அமர்ந்து, சந்தாப் பணத்தை எண்ணி, சென்ற கூட்டத்தின் அறிக்கையை முதலில் வாசிக்கும் அந்த ஒழுங்கு அதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

அம்மையார் 1958ஆம் ஆண்டில் ரமொன் மக்சேசே விருது பெற்றார். அந்த விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டு அது. அவருக்கோ வயது 85. பெரிய உத்தியோகம் எதனையும் வகியாது, தனிப்பட்ட பிரஜையாக நின்று செய்த சேவைக்காகவே அது அளிக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் காலமானார்.

கதையைக் கேட்டு முடிந்ததும் மூதாட்டி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதவர்கள் மத்தியில் சங்கம் நடத்தச் சுலபமாக இருந்திருக்கும், சொந்தக்காரர் மத்தியில் நடத்தினால்தானே வில்லங்கம் தெரியும் என்றார். சபை முழுதும் சிரித்தது. எனக்கு மறுமொழி இல்லை. கூட்டம் மறுவாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மறுவாரம் அவரே தலைவியாக இருக்கச் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஓராண்டுக்குமேல் தம்மை வைத்திருக்கக் கூடாது. பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடிதங்களை எழுத, வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையைத் தம்முடன் சேர்த்துவிட வேண்டும். இரண்டையும் கூட்டறிக்கையில் எழுதிக்கொண்டேன்.