பாப்பான் நகரத்துத் தாதி

நம் நாட்டின் வீரப் பெண்மணிகளைப் பற்றிப் பேசும்போது சிபில் கார்த்திகேசு அம்மையாரின் பெயர் தவறாமல் இடம்பெறும். ஜப்பானியர் ஆட்சியில் அவர் பட்ட துன்பங்களைப் பலர் எழுதியுள்ளனர். தொலைக்காட்சித் தொடரும் வந்திருக்கிறது. ஆயினும் அவர் தொழிலால் ஒரு தாதி, முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்னும் செய்தி, வீரக்கதையின் ஓரத்தில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. நம் கருத்து வேறு. தாதியர் தொழிலின் அடிப்படை விதிகளை அவர் கைவிடாது கடைப்பிடித்தார். அவ்விதிகளே அவரைச் சிறைவாசல் வரை கொண்டு சென்றன. அவ்வகையில்தான் அவர் வரலாற்றை இங்கே கூற முற்படுகிறோம்.

அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராத் தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். தந்தையார் தோட்டத் துரை, தாயார் மருத்துவச்சி. இருவரும் ஐரோப்பிய, ஆசியக் கலப்பு மரபினர். தாயின் தொழிலையே மகளும் விரும்பிக் கற்றார். 1919இல் கோலாலம்பூரில் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். மணமகன் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். இயற்பெயர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளை. அம்மையாரின் புகைப்படங்கள் பலவற்றில் அவரைச் சேலையுடுத்திய கோலத்திலேயே காண்கிறோம். முதற் குழந்தை பிறந்து ஒருநாள்கூட வாழவில்லை. எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைத் தம் கையில் ஏந்திய அம்மையாருக்கு இது வாய்த்தது. பின்னர் இரு பெண்மக்கள் பிறந்தனர். ஒரு மகனைத் தத்தெடுத்தும் வளர்த்தனர்.

1926இல் தம்பதியர் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் ஒன்றைத் தொடங்கினர். அம்மையார் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். சீனப் பெண்கள் தங்கள் நோயைத் தங்கள் மொழியிலேயே அவரிடம் சொல்ல முடிந்தது. இதனைச் சிறு செய்தி என்று எண்ணிவிடலாகாது. வலி எங்கே, எப்போது தொடங்கியது, இரவில் கூடுகிறதா என்று நோயாளியின் வாயாலேயே கேட்டறிவது தாதியின் முதற் கடமையன்றோ?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவினுள் புகுந்தது. மறு மாதமே நம் மலாக்காவும் வீழ்ந்தது. ஈப்போ நகரைப் படையினர் கைப்பற்றுமுன் கார்த்திகேசு குடும்பத்தார் அண்மையிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தனர். அவ்வூர்ப் பெரிய வீதியில் 74ஆம் எண் கடைவீட்டில் அம்மையாரின் மருந்தகம் நடந்தது. மருந்து கிடைப்பதே அரிதாகியிருந்த காலம் அது. பகலில் ஊரார் வந்தனர். இரவிலோ, காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட படையினர் மறைவாக வந்தனர். குண்டடி பட்டவரும், காய்ச்சலில் நடுங்கியவரும், புண் புரையோடியவரும் அவர்களுள் இருந்தனர். வந்தவர் எந்த இனம், எந்தக் கட்சி என்று அவர் பார்க்கவில்லை. காயம் பட்டவர் நோயாளி, அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே, தாதி என்பவர் இனிய சொல்லும் வெள்ளைச் சீருடையும் மட்டும் உடையவர் என்று எண்ணாதீர்கள். அது கற்றுத் தேற வேண்டிய கலை. கிரிமியப் போரில் பணியாற்றித் திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி ஏற்படுத்தியதும் இதனாலேயே. ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமியும் உடன் செல்லும். காயத்தைத் தொடும் கருவி கொதிநீரில் கிடந்து வரவேண்டும். நாடித்துடிப்பு, மூச்சு, உடற்சூடு ஆகிய மூன்றையும் குறித்த நேரத்தில் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே நோயாளியின் அருகில் நிற்பார். மீதி நேரமெல்லாம் காண்பவை தாதியின் கண்களே. விடியற்காலை மூன்று மணிக்கு நோயாளியின் உதடு நீலம் பூத்தால் அதை முதலில் காண வேண்டியவர் அவர்தாம். கட்டிலில் அசையாது கிடப்பவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் விழும். எளிய வேலைதான், ஒரு வேளை மறந்தாலும் உயிருக்கு ஊறு.

இதன் அருமையை நம் தோட்ட மக்கள் அறிவர். அதே ஆண்டுகளில், 1942லும் 1943லும், நம்மவர் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்டவர் பலரை மாய்த்தவை காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாப் புண் ஆகியவையே. கொதிக்கவைத்த நீரும், கழுவிக் கட்டிய புண்ணும், பக்கத்தில் விழித்திருக்க ஓர் ஆளும் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பார் எத்தனை பேரோ!

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறர் மலத்தையும் சீழையும் நம் பெண் கழுவுவதா என்று முன்பு தோட்டங்களில் தயங்கியவர் உண்டு. ஊருக்கு ஒரு மிஸ்ஸி வேண்டும், ஆனால் அவள் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கக்கூடாது என்பது என்ன நியாயம்? நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, பயின்று தேறிப் பதிவு பெற்றவரே தாதி எனப்படுவார். மருத்துவர் சொன்னதைச் செய்யும் ஏவலாள் அல்லர். தம் பணிக்குத் தாமே பொறுப்பேற்கும் தொழிலர்.

மீண்டும் பாப்பானுக்கு வருவோம். அம்மையார் வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்றை மறைத்துவைத்து லண்டன் செய்திகளைக் கேட்டு, காட்டிலிருந்தோருக்குத் தெரிவித்தும் வந்தார். அது தாதியின் பணியன்று, நாட்டுப்பற்றால் செய்தது. 1943இல் மருத்துவர் முதலில் கைதானார். பின்னர் அம்மையாரையும் ஜப்பானிய இராணுவக் காவலரான கெம்பெய்தாய் பிடித்துக்கொண்டனர். இரவில் வந்தவர் யார் யார், எங்கே இருக்கின்றனர் என்று கேட்டு வதைத்தனர். அடியின் கொடுமையை இளஞ்சிறார் படிக்கும் இவ்விதழில் விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இளைய மகள் டோன் 1936இல் பிறந்தவள். முதல் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய வயது. அக்குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாகத் தாயின் கண்முன் மிரட்டினர். அம்மையார் ஒரு பெயரையும் சொல்லவில்லை. வேறோர் அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை உயிர் தப்பினாள்.

நோயாளி தன்னை நம்பிச் சொன்னதைப் பிறரிடம் வெளியிடலாகாது என்பது தாதியர்க்கு முதலிலேயே கற்பிக்கப்படும் விதி. நாம் இதைப் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பேச்சுக்குத் தடை என்ற அளவில் எண்ணுகிறோம். லயத்தில் ஒரு வீட்டு நோயை மறுவீட்டில் சொல்லாதிருப்பதே நமக்குப் பெரிய கட்டுப்பாடு. அவ்விதி ஒரு தாயிடம் எவ்வளவு கேட்கக்கூடும் என்பதை நினைக்கும்போது நமக்கே மனம் நடுங்குகிறது. அவர் செய்தது சரியா என்று உயர்வகுப்பு மாணவர்கள் வகுப்பில் விவாதிக்கலாம். விடை எளிதன்று.

பத்து காஜா சிறையில் கிடந்த அம்மையார் 1945இல் ஜப்பானியர் சரணடைந்த பின்னரே வெளிவந்தார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாத நிலை. சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தார். ஆயினும் வதையின்போது தாடையில் பட்ட காயம் ஆறாமல் நஞ்சேறிற்று. எத்தனையோ பேரின் புண்ணை ஆற்றியவர் தம் புண்ணாலேயே 1948 ஜூன் 12ஆம் நாள் காலமானார். வயது 48. முதலில் ஸ்காட்லாந்தில் லானார்க் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 1949இல் அவர் உடல் கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டு, ஈப்போவில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1954இல் நூலாக வெளிவந்தன.

ஈப்போவில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. பாப்பானில் அந்த 74ஆம் எண் கடைவீடு நினைவில்லமாகப் பேணப்பட்டது. பேராக் பக்கம் செல்லும் பெற்றோர், பிள்ளைகளை அவ்வீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் காயத்தோடு வந்தவர்கள் நடந்த தெரு அதுதான்.