லோக் வான் தோ

லோக் வான் தோ (ஜூன் 14, 1915 - ஜூன் 20, 1964) மலாயாவில் பிறந்த திரைப்படத் தயாரிப்பாளரும் தொழிலதிபரும் பறவையியல் ஆர்வலரும் ஆவார். குடும்பச் செல்வத்தைக் கொண்டு கத்தே நிறுவனத்தைத் தென்கிழக்காசியாவின் முன்னணித் திரைப்பட நிறுவனங்களுள் ஒன்றாக வளர்த்தவர்.

இளமை

கோலாலம்பூரில் பிறந்தார். இவரது தந்தை லோக் இயூ சீனாவின் குவாங்டொங் பகுதியிலிருந்து குடியேறி, வெள்ளீயச் சுரங்கங்களாலும் ரப்பர் தோட்டங்களாலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1913 இல் குவோங் யிக் வங்கியை நிறுவியவர்களுள் ஒருவர். 1917 இல் தந்தை இறந்தபோது இவருக்கு வயது இரண்டு கூட நிறையவில்லை. தாயார் லிம் செங் கிம் இவரை வளர்த்தார். சுவிட்சர்லாந்திலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றார்.

கத்தே

1935 இல் தாயாருடன் இணைந்து திரையரங்கு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சிங்கப்பூரில் இவர்கள் கட்டிய குளிரூட்டப்பட்ட கத்தே திரையரங்கு 1939 அக்டோபர் 3 இல் திறக்கப்பட்டது. அதனை உள்ளடக்கிய கத்தே கட்டடம் அந்நகரின் முதல் வானளாவி ஆகும்.

போரும் பறவைகளும்

1942 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இவர் தப்பிச் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. தீக்காயங்களுடன் பார்வையையும் தற்காலிகமாக இழந்த இவர், பின்னர் இந்தியாவில் அடைக்கலம் பெற்றார். பம்பாயில் பறவையியலாளர் சாலிம் அலியின் நட்புக் கிடைத்தது. அவருடைய களப்பயணங்களில் பங்கேற்றதுடன் அவற்றுக்குப் பொருளுதவியும் செய்தார். இவர் எடுத்த பறவை ஒளிப்படங்கள் அடங்கிய நூல் 1957 இல் வெளியானது.

திரைப்படத் தயாரிப்பு

1953 இல் ஹோ ஆ லோக்குடன் சேர்ந்து கத்தே-கெரிஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மலாய்த் திரைப்படங்களைத் தயாரித்தார். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் இங்குப் பணியாற்றினர். பி. என். ராவ் இயக்கிய பொந்தியானாக் (1957) பெருவெற்றி பெற்றது. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணனும் இந்நிறுவனத்திற்காகப் படங்களை இயக்கினார். 1956 முதல் ஹாங்காங்கிலும் சீனமொழிப் படங்களைத் தயாரித்த இவருக்கு, ஷா சகோதரர்கள் கடும் போட்டியாளர்களாக விளங்கினர்.

மறைவு

1964 இல் ஆசியத் திரைப்பட விழாவிற்காகத் தைவான் சென்றிருந்தபோது, தாய்ச்சுங் அருகே நிகழ்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். விமானத்தில் இருந்த 57 பேரும் இறந்தனர். அவர்களுள் இவரது மனைவியும் நிறுவனத்தின் மூத்த அலுவலர்கள் சிலரும் அடங்குவர். இவ்விழப்பிலிருந்து நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவு மீளவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இரு இடங்களிலும் படத் தயாரிப்பு நின்றது. திரையரங்குத் தொழில் மட்டும் கத்தே என்ற பெயரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.