சாவை வென்ற பஸ்பி

ஸ்காத்லாந்து நாட்டில், ஒரு சுரங்கக் கிராமத்தில் 1909-ம் ஆண்டு பிறந்தவர் மாட் பஸ்பி.

தந்தை சுரங்கத் தொழிலாளி. முதல் உலகப் போரில் அவர் மாண்டார். பஸ்பியும் சுரங்கத்தில் வேலை செய்தார்.

கால்பந்து அவரை வெளியே கொண்டுவந்தது. 1928-ல் மாஞ்செஸ்டர் சிட்டி கோஷ்டியில் சேர்ந்தார். நடுக்களத்தில் ஆடுவார். பந்தை அளந்து கொடுப்பதில் கெட்டிக்காரர். 1934-ல் அந்தக் கோஷ்டி எப்.ஏ. கோப்பையை வென்றது.

1945-ல் மாஞ்செஸ்டர் யுனைடெட் கோஷ்டிக்கு மானேஜர் ஆனார். குண்டு வீச்சில் அதன் மைதானம் இடிந்து கிடந்தது.

பஸ்பி மனம் தளரவில்லை. இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். 1956, 1957 இரு ஆண்டுகளிலும் லீக் பட்டம் கிடைத்தது. லீக் நிர்வாகம் விரும்பாதபோதும், ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்கு அவர்களை அழைத்துச் சென்றார்.

1958 பிப்ரவரி 6. மியூனிக் விமான நிலையம். ஓடுபாதையில் பனிச்சேறு. மூன்றாவது முறை கிளம்ப முயன்ற விமானம் மோதி நொறுங்கியது!

23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் பஸ்பியின் ஆட்டக்காரர்கள். பஸ்பியும் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். பாதிரியார் வந்து கடைசி ஜெபம் செய்தார்.

பஸ்பி பிழைத்தார். ஆனால் மனம் நொறுங்கிவிட்டது. தாம் அழைத்துச் சென்றதால்தானே பிள்ளைகள் மாண்டார்கள் என்று வருந்தினார். வேலையை விட்டுவிட நினைத்தார்.

மனைவி ஜீன் தேற்றினார். இறந்த பிள்ளைகளும் அவர் தொடர்வதையே விரும்புவார்கள் என்றார்.

பஸ்பி மீண்டும் எழுந்தார். புதிய கோஷ்டியை உருவாக்கினார்.

1968-ல், லண்டன் வெம்பிளி மைதானத்தில், பென்பிகாவை 4-1 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையை வென்றார். விபத்தில் தப்பிய பாபி சார்ல்டன் 2 கோல் போட்டார்!

அதே ஆண்டு பஸ்பி சர் பட்டம் பெற்றார். 1994-ல், 84-வது வயதில் காலமானார். அன்று இடிந்து கிடந்த அந்த மைதானத்தின் முன்னே, இன்று அவருக்குச் சிலை நிற்கிறது.