மனப்புண்ணுக்கு மருந்திட்ட டாக்டர் ரிவர்ஸ்

குருக்ஷேத்திரப் போரில் வென்ற யுதிஷ்டிரர் மகிழவில்லை. கர்ணன் தம் தமையன் என்று அறிந்ததும் அவருக்கு அரியணை கசந்தது. அனைத்தையும் துறந்து காடு செல்லத் துணிந்தார். வியாசரும் ஸ்ரீகிருஷ்ணரும் தேற்றி அவரை அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மரிடம் அனுப்பினர். சாந்தி பர்வத்தின் நீண்ட உபதேசம் அந்தத் துயரிலிருந்தே பிறந்தது.

உடலில் வடு இல்லாத இத்தகைய வேதனையை இன்றைய அறிஞர்கள் ‘தார்மிகக் காயம்’ என்கின்றனர். தான் செய்ததோ, செய்யத் தவறியதோ, கண்முன் நடந்ததோ மனச்சாட்சிக்கு முரணாக அமையும்போது போர்வீரனின் உள்ளத்தில் தங்கிவிடும் வலி இது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ஜோனதன் ஷே, 1990-களில் இக்கருத்தை விளக்கினார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, இப்படி நொந்த உள்ளங்களின் அருகில் அமர்ந்து செவிமடுத்தவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ரிவர்ஸ்.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஹென்றி ரிவர்ஸ் கிறிஸ்தவ சமயகுரு. திக்குவாய் உள்ளவர்களுக்குப் பயிற்சியளித்துப் புகழ்பெற்றவர். ஆனால் மகனின் திக்கல் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. பேசத் தடுமாறுபவரின் தவிப்பை ரிவர்ஸ் தம் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்.

மருத்துவம் பயின்றபின் கேம்பிரிட்ஜில் உளவியல் கற்பித்தார். மானிடவியலும் அவரை ஈர்த்தது. 1901-02-இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, அவர்களது வம்சாவளிகளையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் பொறுமையாகக் கேட்டறிந்தார். ‘தோடர்கள்’ என்னும் அவரது நூல் 1906-இல் வெளிவந்தது.

முதல் உலகப்போரில் பல வீரர்கள் உடற்காயமின்றியே நிலைகுலைந்து திரும்பினர். பேச்சிழந்தவர்களும் உறக்கமிழந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கோழைத்தனம் என்று அவர்களைப் பழித்தோர் பலர். நடந்ததை மறந்துவிடுமாறு அறிவுரை கூறிய மருத்துவர்களும் பலர். 1916-இல், தம் 52-ஆம் வயதில், எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் பணியேற்ற ரிவர்ஸ் வேறு வழியை நாடினார். பகலெல்லாம் அடக்கப்படும் நினைவு இரவில் கொடுங்கனவாக எழுகிறது என்று கண்டார். ஆகவே நினைவை எதிர்கொண்டு பேசுமாறு தூண்டினார். அதேசமயம், அதிலேயே ஓயாமல் உழல்வதும் தீங்கு என்று எச்சரித்தார்.

ஓர் அதிகாரி, குண்டு வெடித்துச் சிதறிய தம் நண்பரின் உடலைக் கண்டெடுத்தவர். அக்காட்சி இரவுதோறும் கனவில் வந்து அவரை வதைத்தது. உடல் சிதைந்த விதமே, நண்பர் வலியை உணருமுன் உயிர்நீத்தார் என்பதற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். கனவு மாறியது. அந்த அதிகாரி கனவில் நண்பரோடு பேசலானார். அதில் துயரம் இருந்தது, பீதி இல்லை. வேறொரு நோயாளியின் அனுபவத்திலோ ஆறுதல் தரும் அம்சம் எதுவுமே அகப்படவில்லை. இல்லாத ஆறுதலை ரிவர்ஸ் கற்பிக்கவில்லை. தம் முறை அங்கே பயன்படாததை 1917 டிசம்பரில் மருத்துவர் சபையில் ஆற்றிய உரையில் வெளிப்படையாகவே கூறினார்.

1917-இல் அவரிடம் வந்தவர்களுள் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூனும் ஒருவர். வீரத்திற்காகப் பதக்கம் பெற்ற அவர், போர் தேவையின்றி நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்கமாக எதிர்த்து, பணிக்குத் திரும்ப மறுத்திருந்தார். இராணுவ விசாரணையைத் தவிர்க்க அவரை மருத்துவமனைக்கு அனுப்பினர். அவரிடம் மனநோய் இருப்பதாக ரிவர்ஸ் கருதவில்லை. தம் வீரர்கள் பதுங்குகுழிகளில் மடிய, தாம் பாதுகாப்பாக இருக்கிறோமே என்ற குற்றவுணர்வே சசூனை அரித்தது. பல மாத உரையாடலுக்குப் பின் அவர் போர்முனைக்குத் திரும்ப இசைந்தார். 1918 ஜூலையில் தலையில் குண்டுக்காயம்பட்டு லண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது, ரிவர்ஸ் தேடிவந்து அருகில் அமர்ந்தார்.

குணமாக்கியவனை மீண்டும் மரணத்தின் வாயிலுக்கு அனுப்புவதே இராணுவ மருத்துவரின் கடமை. இம்முரண்பாடு ரிவர்ஸின் மனத்தையும் வருத்தியது. நோயாளிகளிடம் எதிர்பார்த்த நேர்மையைத் தம்மிடமும் எதிர்பார்த்த அவர், தம் கனவுகளையே ஆராய்ந்து அந்தப் போராட்டத்தை எழுதிவைத்தார். அது அவர் மறைந்தபின் 1923-இல் நூலாக வெளிவந்தது.

1922 ஜூன் 4-ஆம் நாள், 58-ஆம் வயதில், ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் காலமானார்.

இன்று அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சமயகுருமார்களும் மனநல மருத்துவர்களும் இணைந்து இப்பணியைச் செய்கின்றனர். உறக்கத்தையும் அச்சத்தையும் மருத்துவர் கவனிக்கிறார். பாவம், மன்னிப்பு, பிராயச்சித்தம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்குச் சமயகுரு துணைநிற்கிறார். யுதிஷ்டிரருக்கும் இரண்டுமே தேவைப்பட்டன: துயரைச் சொல்ல உற்றார், தர்மத்தைத் தெளிவிக்க ஒரு பீஷ்மர்.

போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் நம் ஊர்களிலும் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வாய்திறக்கும்போது, உடனே உபதேசிக்காமலும் தீர்ப்புச் சொல்லாமலும் கேட்பது ஜீவனைச் சிவனாகக் கண்டு செய்யும் சேவையே ஆகும்.